தியாகத் திருநாளும் ஜீவகாருண்யமும்



இஸ்லாமியர் ஆண்டுதோறும் கொண்டாடும் பெருநாட்கள் இரண்டு. ரமலான் நோன்பின் முடிவில் வருவது ஈதுல் ஃபித்ர். அதனை ஈகைத் திருநாள் என்கிறோம். துல்ஹஜ்ஜு மாதத்தின் பத்தாம் நாளில் வருவது ஈதுல் அள்ஹா. அதனைத் தியாகத் திருநாள் என்றும், ஹஜ்ஜுப் பெருநாள் என்றும், பக்ரீத் என்றும் நம் நாட்டில் வழங்குகிறோம். முதற் பெருநாளுக்கு உரிய கடமை, தொழுகைக்குச் செல்லுமுன் ஏழைகளுக்குத் தானியம் வழங்குவது. இரண்டாம் பெருநாளுக்கு உரிய வழிபாடு, ஆடு, மாடு, ஒட்டகம் ஆகியவற்றுள் ஒன்றை இறைவன் பெயரால் அறுத்து, அதன் இறைச்சியை உற்றாருக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்தளிப்பது. அரபு மொழியில் இதனை உள்ஹிய்யா என்பர். நம்மிடையே குர்பானி என்றால் எல்லார்க்கும் விளங்கும்.

நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், இப்பெருநாள் நெருங்கும் போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் கேட்பது ஒன்று: “ஐயா, இறைவனை அருளாளன் என்று ஓயாமல் போற்றும் சமயம், ஓர் உயிரை அறுப்பதை எவ்வாறு வழிபாடாகக் கொண்டது?” முஸ்லிம் பிள்ளைகள், அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், கேட்பது மற்றொன்று: “ஸார், ஆடு வாங்கப் பணம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பெருநாள் இல்லையா?” முதற் கேள்வி விலங்கின்மீது கொண்ட இரக்கத்தால் எழுவது. இரண்டாவது, தன் வீட்டு வறுமையைக் கண்டு வருந்தும் மனத்திலிருந்து எழுவது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினும், இரண்டிற்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது என்பது, இச்சமயத்தில் பிறந்து வளர்ந்தவனாகிய என் கருத்து. அதனை வெறும் தத்துவமாகக் கூறாமல், ஒரு நாடு முழுவதும் ஓராண்டு குர்பானியை நிறுத்தி வைத்த அண்மைக் கால வரலாற்றைக் கொண்டு விளக்க விழைகிறேன்.

மொராக்கோ, ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலும் மத்தியதரைக் கடலும் எல்லையாக அமைந்த முடியரசு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே தியாகத் திருநாளுக்கு ‘ஈதுல் கபீர்’, அஃதாவது ‘பெரிய பெருநாள்’ என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு செம்மறிக் கடா வாங்குவதை அந்நாட்டார் தங்கள் மானத்தோடு சேர்த்தே எண்ணுவர். சர்தி என்னும் இனத்துக் கடாவுக்கு மதிப்பு மிகுதி. வெண்ணிற உடல், கண்ணையும் மூக்கையும் சுற்றிக் கருநிறம், சுருண்ட கொம்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பெருநாள் தொழுகை முடிந்ததும் மன்னர் முதலில் தம் கடாவை அறுப்பார். மக்கள் அதன் பின்னர் அறுப்பது வழக்கம். ஈரலைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கரி நெருப்பில் வாட்டி உண்பது அன்றைய விருந்தின் தொடக்கம். கடா இல்லாத வீட்டின் குழந்தை அன்று தெருவில் தலைநிமிர்ந்து நடக்கக் கூசும் என்றால், அது மிகையன்று.

இத்தகைய நாட்டில், 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், மன்னர் ஆறாம் முகம்மது தம் மக்களுக்கு எழுதிய திருமுகம் ஒன்று தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் இஸ்லாமிய விவகாரங்களுக்கான அமைச்சர் அகமது தௌஃபீக். அவ்வாண்டுப் பெருநாளில் மக்கள் குர்பானி கொடுக்காமல் இருக்குமாறு மன்னர் அதில் வேண்டிக்கொண்டார். நாட்டின் கால்நடை வளம் குன்றியிருக்கும் காலத்தில் குர்பானியை நடத்துவது மக்களுள் பெரும் பகுதியினர்க்கு, சிறப்பாகக் குறைந்த வருவாய் உடையவர்க்குத் துன்பம் விளைக்கும் என்று காரணமும் கூறினார். மக்கள் அனைவர் சார்பிலும் தாமே குர்பானி கொடுப்பதாகவும், தொழுகை, தருமம், உறவினரைக் கண்டு மகிழ்தல் ஆகிய மற்றப் பெருநாட் சடங்குகளை மக்கள் வழக்கம்போல் நிறைவேற்றுமாறும் அறிவித்தார்.

ஏன் இந்நிலை வந்தது? மொராக்கோவில் மழை பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தது. அவ்வாண்டு மழை, கடந்த 30 ஆண்டுகளின் சராசரியைவிட 53 விழுக்காடு குறைவு என்றும், அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் கால்நடைகள் 38 விழுக்காடு குறைந்துவிட்டன என்றும் 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு தெரிவித்தது. மழை பொய்த்தால் மேய்ச்சல் நிலம் கருகும். தீவனத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்க இயலாத இடையன் முதலில் கடாக்களை விற்பான்; பிறகு, மனம் ஒப்பாமலே, குட்டி ஈனும் பெட்டையாடுகளையும் விற்பான். செம்மறிப் பெட்டை ஏறத்தாழ ஐந்து மாதம் சினை சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். ஆதலின் பெட்டைகள் குறைந்த மந்தை ஒரு நல்ல மழையால் மீண்டுவிடாது. மீளச் சில ஆண்டுகள் ஆகும். மந்தை சிறுத்தால் கடாவின் விலை ஏறும். விலை ஏறினாலும் மானத்துக்கு அஞ்சிக் கடன் பட்டேனும் வாங்குவோர் உண்டு. வெளிநாட்டு ஆடுகளை இறக்குமதி செய்தும், இறக்குமதி செய்வோர்க்கு உதவித்தொகை அளித்தும் பார்த்த அரசுக்கு இச்சிக்கல் தீரவில்லை. அதன் பின்னரே மன்னரின் திருமுகம் வந்தது.

இஃது அந்நாட்டுக்கு முற்றிலும் புதியதும் அன்று. இப்போதைய மன்னரின் தந்தையாகிய இரண்டாம் ஹசன் தம் ஆட்சிக் காலத்தில் 1963, 1981, 1996 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறே வேண்டிக்கொண்டார். 1996ஆம் ஆண்டு வேண்டுகோளுக்குக் கடும் வறட்சியே காரணம். அதற்குப் பின் 29 ஆண்டுகள் கழித்து மகனும் அவ்வழியே சென்றார்.

ஒரு வழிபாட்டை நிறுத்தி வைக்குமாறு மன்னர் எவ்வாறு கூறலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். இஸ்லாமியச் சட்ட நெறிகளை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். சுன்னத்து முஸ்லிம்களிடையே நான்கு சட்ட வழிகள் உண்டு. அவற்றை மத்ஹபுகள் என்பர். மாலிகி, ஷாஃபி, ஹன்பலி ஆகிய மூன்று வழிகளின் பெருவழக்கான கருத்துப்படி, குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. அஃதாவது, செய்வது மிகவும் சிறப்பு. கட்டாயக் கடமை அன்று. ஹனஃபி வழியில் அது ‘வாஜிப்’ என்னும் கடமை. ஆயினும், குறிப்பிட்ட அளவு செல்வம் உடையவர்மீது மட்டுமே கடமை. மொராக்கோ மாலிகி வழியைப் பின்பற்றும் நாடு. நம் தமிழ்நாட்டிலோ இரு வழியினரும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழியினர் மிகுதி; இராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். உங்கள் வகுப்பில் உள்ள இரு முஸ்லிம் நண்பர்கள் இதுபற்றி இருவேறு விடை கூறினால், அதற்குக் காரணம் இதுவே. எனினும் நால்வழியினரும் ஒன்றுபட்டுக் கூறுவது ஒன்று உண்டு: இல்லாதவன்மீது குர்பானி சுமையாக வைக்கப்படவில்லை.

மன்னர் மக்கள் சார்பில் அறுத்ததற்கும் முன்மாதிரி இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெருநாளில் இரண்டு கடாக்களை அறுத்தார்கள். ஒன்றைத் தமக்கும் தம் குடும்பத்துக்குமாகவும், மற்றொன்றைத் தம் சமுதாயத்தாருள் குர்பானி கொடுக்க இயலாதவர்க்காகவும் அறுத்தார்கள் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. ஏழையின் பங்கு அன்றே செலுத்தப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். “எங்களுக்குப் பெருநாள் இல்லையா?” என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் எப்போதும் முதலில் கூறிய விடை இதுவே.

நாயகத்தின் தோழர்கள் வரலாற்றிலும் இத்தகைய செய்திகள் உண்டு. முதல் இரு கலீபாக்களாகிய அபூபக்கர், உமர் ஆகியோர், மக்கள் குர்பானியைக் கட்டாயக் கடமை என்று கருதிவிடக் கூடாதே என்று எண்ணி, சில வேளைகளில் அதனைச் செய்யாமல் விட்டனர் என்பர். குர்பானியின் விலையை ஓர் அநாதைக்குக் கொடுப்பதே தமக்கு மேலும் விருப்பம் என்று பிலால் அவர்கள் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. இப்னு அப்பாஸ் அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு இறைச்சி வாங்கி வரச் செய்து, இதுவே தம் குர்பானி என்று வழியிற் கண்டவரிடம் கூறச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. இவற்றைக் கொண்டு குர்பானியே வேண்டா என்று வாதிடுவது முறையாகாது. வசதி உள்ளவர்க்கு, விலையைத் தருமம் செய்வதைவிட அறுத்துப் பகிர்வதே மேல் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. அதனை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால் காலமும் இடமும் மனிதர் நிலையும் அறிந்து நடக்க இச்சமயத்தில் இடம் இருக்கிறது என்பதை இச்செய்திகள் ஐயமறக் காட்டுகின்றன.

கலீபா உமர் காலத்தில் ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 639இல், அரபு நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. நிலம் சாம்பல் நிறமாகக் கருகியதால் அவ்வாண்டுக்குச் ‘சாம்பல் ஆண்டு’ என்றே பெயர் வந்தது. மக்கள் வயிறார உண்ணும்வரை தாம் நெய்யும் இறைச்சியும் உண்ணாதிருந்தார் உமர். கால்நடைகள்மீது தண்ட வேண்டிய ஸகாத்து வரியையும் அவ்வாண்டு ஒத்திவைத்தார். விதியை அழிக்கவில்லை, மக்கள் தாங்கும் காலம் வரும்வரை காத்திருந்தார். மொராக்கோ மன்னர் செய்ததும் இதே வகையைச் சேர்ந்ததே.

இனி, உயிரிரக்கம் பற்றிய முதற் கேள்விக்கு வருவோம். தியாகத் திருநாளின் தோற்றத்தையே எண்ணிப் பாருங்கள். இறைவன் பொருட்டுத் தம் அருமை மகனையே கொடுக்கத் துணிந்தார் இப்ராஹீம் நபி (அலை). அவருடைய பணிவை ஏற்ற இறைவன், மகனை விடுவித்து, அவனுக்கு ஈடாக ஓர் ஆட்டைத் தந்தான். ஆகவே மனித உயிரின்மீது காட்டப்பட்ட அருளின் நினைவாகவே இவ்விழா எழுந்தது. திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயத்தில் 37ஆம் வசனம், பலியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்று சேர்வதில்லை என்றும், அடியாரின் பயபக்தியே அவனைச் சேர்கிறது என்றும் உணர்த்துகிறது. இரத்தம் கண்டு மகிழும் தெய்வம் என்னும் எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை.

அறுக்கப்படும் விலங்குக்கும் உரிமைகள் உண்டு. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். விலங்குக்கு வேதனை நீளக் கூடாது. அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது. அறுக்கப்படும் இடத்துக்கு அதனை இழுத்துச் செல்லாமல் மெல்ல நடத்திச் செல்ல வேண்டும். நொண்டி, குருடு, நோயுற்றது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகியவை குர்பானிக்கு ஆகா. எனவே அதனை நன்கு ஊட்டி வளர்க்க வேண்டியதாகிறது. தாகத்தால் நாவைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்கு நீர் வார்த்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றும், பூனையைக் கட்டிப் பட்டினி போட்டவள் தண்டனை பெற்றாள் என்றும் நாயகம் அவர்கள் கற்பித்தார்கள். லாரியில் நிற்கவும் இடமின்றி அடைத்து, நீரும் காட்டாமல் நெடுந்தொலைவு கொண்டுவந்த ஆட்டைக் குர்பானி கொடுப்பவர், சடங்கை நிறைவேற்றலாம். அதன் உட்பொருளைக் கைவிட்டவராகிறார்.

திருக்குறளில் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தைப் பயின்ற தமிழ் மாணவர் சிலர்க்கு இவ்விடை நிறைவு தராது என்பதை நான் அறிவேன். இஸ்லாம் இறைச்சியை அனுமதிக்கிறது. ஆனால் இறைச்சி உண்பதைக் கடமையாக்கவில்லை. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவரும், குர்பானியை வழிபாடாகக் கொண்டவரும் ஒரு தெருவில் வாழும் நாடு நம் நாடு. ஒருவர் மற்றவரை இகழாமல், விலங்கின் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்னும் ஒரு கருத்திலேனும் இருவரும் உடன்படலாம் அன்றோ?

அவ்வாறு துன்பத்தையும் வீண் செலவையும் குறைக்கும் வழிகள், சட்ட நெறிகளுக்கு உட்பட்டே பல இருக்கின்றன. மாலிகி, ஷாஃபி வழிகளில் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆடு போதும். தலைக்கு ஒன்று வேண்டுவதில்லை. நாயகத்தின் காலத்தில் ஒருவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் சேர்த்து ஓர் ஆட்டையே அறுத்து, தாமும் உண்டு பிறர்க்கும் வழங்குவார் என்றும், பின்னாளில்தான் மக்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுப் பெருமை பேசத் தொடங்கினர் என்றும் அபூ அய்யூப் அன்சாரி என்னும் தோழர் வருந்திக் கூறியிருக்கிறார். மாடு அல்லது ஒட்டகத்தில் ஏழு பேர் பங்கு சேரலாம். தம் ஊரில் இறைச்சி மிகுந்திருந்தால், பஞ்சம் உள்ள ஊரில் தம் சார்பில் அறுத்து ஏழைகளுக்கு வழங்கச் செய்யும் வழக்கமும் பரவியிருக்கிறது. மக்காவுக்கு அருகிலுள்ள மினாவில் ஹஜ்ஜு யாத்திரிகர்கள் அறுத்த ஆடுகள் முன்பெல்லாம் உண்பாரின்றிப் பெருமளவில் வீணாயின. 1983ஆம் ஆண்டில் சவூதி அரசு இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் துணையோடு ஒரு திட்டம் தொடங்கியது. யாத்திரிகர் பணம் செலுத்தினால், அவர் சார்பில் ஒழுங்கான அறுப்பகத்தில் ஆடு அறுக்கப்பட்டு, இறைச்சி குளிரூட்டப்பெற்று, ஏழை நாடுகள் பலவற்றுக்கு அனுப்பப்படுகிறது. அறுத்த உயிர் வீணாகாமல் ஒருவர் பசியாற்றுவதும் இரக்கத்தின் ஒரு வகையே.

நாயகம் அவர்கள் ஓராண்டு, பசித்த நாட்டுப்புற மக்கள் மதீனாவுக்குத் திரண்டு வந்தபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சேமித்து வைக்கலாகாது, எஞ்சியதைத் தருமம் செய்க என்று ஆணையிட்டார்கள். மறு ஆண்டு அத்தேவை நீங்கியதும் தடையையும் நீக்கினார்கள். ஏழையின் பசி என்னும் அளவுகோல் கொண்டே இப்பெருநாளின் விதிகள் நெகிழ்ந்தும் இறுகியும் வந்தன என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளின் நிலையும் இதற்கு அப்பாற்பட்டதன்று. ஒருமுறை என் மாணவன் ஒருவன் தேர்வுக் கட்டணத்தை உரிய நாளில் கட்டவில்லை. நன்றாகப் படிக்கும் பையன். விசாரித்ததில், அவன் தந்தை பெருநாளுக்கு வட்டிக்குக் கடன் வாங்கி ஆடு வாங்கினார் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டார் மூவரும் ஆடு கட்டியிருந்தபோது தம் வாசல் மட்டும் வெறுமையாய் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. வட்டி இஸ்லாத்தில் முற்றிலும் விலக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். விரும்பத்தக்க ஒரு வழிபாட்டுக்காக விலக்கப்பட்ட ஒன்றைச் செய்ய அவரைத் தூண்டியது சமயம் அன்று. அயலார் பார்வைக்கு அஞ்சிய அச்சமே. அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு, ஆடு கட்டியிருந்த அந்த மூன்று வீட்டாருக்கும் உண்டு.

மீண்டும் மொராக்கோவுக்கு வருவோம். அங்கே எல்லாம் செம்மையாக முடிந்தது என்று நான் கூற மாட்டேன். 2025 ஜூன் 7ஆம் நாள் பெருநாள் வந்தது. அதற்கு முந்திய நாட்களில் இறைச்சிக் கடைகளின் முன் மக்கள் நெடுவரிசையில் நின்றனர். ஈரலும் குடலும் விலை ஏறின. ஆட்டை விட முடிந்தவர்க்கும் ஆண்டாண்டுப் பழக்கமான அந்த ஈரல் விருந்தை விட முடியவில்லை. இடையர்கள் நிலையும் எண்ணத்தக்கது. நகரத்தார் பணம் நாட்டுப்புறத்துக்குச் செல்லும் பெரிய வழி இப்பெருநாட் சந்தையே. ஓராண்டு அது நின்றால் மந்தை வளர்ப்பவன் என்ன செய்வான்? இதனை உணர்ந்த அரசு, அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 620 கோடி திர்ஹம் மதிப்புள்ள திட்டம் ஒன்றை அறிவித்தது. இடையர்களின் கடன் சுமையைக் குறைத்தல், தீவனத்துக்கு உதவி, பெட்டையாடுகளை விற்காமல் வைத்திருப்போர்க்கு ஊக்கத்தொகை ஆகியன அதில் அடங்கும். ஏழை நுகர்வோர்மீது காட்டிய இரக்கம் ஏழை இடையனை வருத்தக் கூடாது என்று கருதியது அறிவுடைமை. இரக்கத்துக்கும் கணக்கு வேண்டும். யாருடைய இழப்பில் யாருக்கு நன்மை என்று பார்த்தே அதனைச் செயற்படுத்த வேண்டும்.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியது என்ன? முஸ்லிம் மாணவர்க்குச் சொல்வேன்: வீட்டில் வசதி இருந்தால் முறையோடு குர்பானி கொடுங்கள், விலங்கைத் துன்புறுத்தாதீர்கள், கழிவுகளைத் தெருவில் எறியாதீர்கள், ஏழையின் பங்கை முதலில் அளந்து வையுங்கள். வசதி இல்லையேல் தந்தையைக் கடன் வாங்கத் தூண்டாதீர்கள். தொழுகையும், தருமமும், உறவினர் வீட்டுக்குச் செல்வதும் உங்கள் பெருநாளே. மற்றச் சமய மாணவர்க்குச் சொல்வேன்: நண்பனின் வழிபாட்டைக் குறைகூறுமுன் அதன் விதிகளைக் கேட்டறியுங்கள்; உயிரிரக்கத்தைப் பற்றிப் பேச விரும்பினால், அவன் சமய நூல்களிலிருந்தே பேசத் தேவையான செய்திகள் நிறைய இருக்கின்றன. வரும் பெருநாளில் ஆடு இல்லாத வாசல் ஒன்றைக் கண்டால், அங்கே ஏன் இல்லை என்று கேளாமல், நம் வீட்டுப் பங்கை எடுத்துச் சென்று கொடுத்து வாருங்கள்.